சங்க நூலகத்தின் வழங்கல் ஏட்டைத் தரவுத்தளத்துக்கு மாற்றிய அனுபவம்

மும்பையின் கிழக்குப் புறநகர் ஒன்றில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்தும் சிறு நூலகத்தின் வழங்கல் பதிவுகளை எக்ஸெல் கோப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றித் தரும் பொறுப்பு, அலுவலகத்தில் நாள் முழுவதும் எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியில் எழுதுபவன் என்பதால், என்னிடம் வந்தது. செயற்குழுவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இப்போது யாரிடம் எந்த நூல் இருக்கிறது? கேள்வி எளிது, அதற்கான வினவலும், அதாவது தரவுத்தளத்திடம் அதைக் கேட்கும் கட்டளையும், நான்கு வரிதான். ஆனால் அந்த நான்கு வரியை நம்பும்படி செய்வதற்கு முன் பதிவுகளை ஒழுங்குபடுத்தியதில்தான் உழைப்பு முழுவதும் போனது. இத்தகைய வேலையைத் தொடங்கவிருக்கும் பிற சங்கத்தாருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

கையில் இருந்தது ஒரே ஒரு நீளத் தாள். வரிசை எண், உறுப்பினர் பெயர், தொலைபேசி, நூலின் தலைப்பு, வழங்கிய தேதி, திரும்பிய தேதி, குறிப்பு என்று ஏழு புலங்கள். காகித ஏட்டைப் பார்த்துத் தன்னார்வலர்கள் இரண்டு மடிக்கணினிகளில் தட்டச்சு செய்து, பிறகு ஒன்றாகச் சேர்த்தது. முதலில், எல்லாப் புலங்களையும் எழுத்து வகையாகவே வைத்து ஒரு மூல அட்டவணையை உருவாக்கி, எக்ஸெல் தாளைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாகச் சேமித்த சிஎஸ்வி கோப்பை அப்படியே அதில் ஏற்றினேன். தேதிப் புலத்தைத் தேதி வகையாக வைத்திருந்தால் பொருந்தாத முதல் பதிவிலேயே ஏற்றம் நின்றிருக்கும். தொலைபேசிப் புலத்தை எண் வகையாக வைத்திருந்தால் 022 என்று தொடங்கும் எண்களின் முன் பூச்சியம் போயிருக்கும். எக்ஸெல் ஏற்கெனவே பல எண்களில் அதை விழுங்கியிருந்தது என்பது வேறு கதை. மூல அட்டவணையில் கடைசிவரை ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. திருத்தம் அனைத்தும் அதிலிருந்து வடித்தெடுத்த வேறு அட்டவணைகளில்தான்.

உறுப்பினர், நூல், வழங்கல் என மூன்று அட்டவணைகளாகப் பிரித்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதன் எண் இருந்தால் போதும் என்பது, 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலை மாதிரியை முன்வைத்ததிலிருந்து வளர்ந்துவந்த வழக்கம். எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். எந்தப் பாடநூலிலும் கிடைக்காதது, எங்கள் தேதிகளில் இருந்த குழப்பம்.

இரண்டு மடிக்கணினிகளில் ஒன்று அமெரிக்கத் தேதி அமைப்பில் இருந்திருக்கிறது. அதில் 13/02/2019 என்று தட்டினால், பதின்மூன்றாம் மாதம் இல்லையென்பதால் எக்ஸெல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 06/07/2019 என்று தட்டினால் ஜூன் 7 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கோப்பை இந்திய அமைப்புள்ள கணினியில் திறந்து சிஎஸ்வியாகச் சேமித்தபோது, ஜூலை 6 என்று இருந்திருக்க வேண்டியது 07-06-2019 என்று வெளிவந்துவிட்டது. எழுத்தாகத் தங்கியவை சாய்கோட்டுடன் நின்றதால் அவற்றை எளிதில் அடையாளம் காணலாம். நாள் பன்னிரண்டோ அதற்குக் குறைவோ ஆன பதிவுகள்தான் சிக்கல்: இரு கணினிகளிலும் தட்டச்சு செய்தவை கலந்து, சரியானதும் தலைகீழானதும் ஒரே தோற்றத்தில் கிடந்தன. மொத்தமாகத் திருப்பிப் போட்டால் சரியாக இருப்பவை கெடும். விட்டால் தவறானவை தங்கும்.

இதற்கு வழி கொடுத்தவர் நூலகத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்துவரும் திருநெல்வேலிக்காரர் ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நூல் வழங்கியதாகப் பதிவு இருக்கிறதே என்று கேட்டேன். “சனி, ஞாயிறு தவிர என்னைக்குத் தம்பி நாம கதவைத் திறந்திருக்கோம்?” என்றார். சற்று யோசித்து, “மே மாசம் பிள்ளைகளுக்கு லீவு, அப்ப மட்டும் புதன்கிழமையும் உண்டு” என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஐயத்துக்குரிய ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு வாசிப்புகளை ஒரே வினவலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்: உள்ளது உள்ளபடி ஒன்று, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி மற்றொன்று. போஸ்ட்கிரெஸில் தேதியிலிருந்து கிழமையைப் பிரித்தெடுக்க ‘எக்ஸ்ட்ராக்ட்’ இருக்கிறது. அதில் ‘ஐசோடவ்’ என்று கேட்டால் திங்களுக்கு 1, சனிக்கு 6, ஞாயிறுக்கு 7 என்று எண் தரும். 2019 ஜூன் 7 வெள்ளி. இடம் மாற்றினால் ஜூலை 6, சனி. அப்பதிவு தலைகீழானது என்பது உறுதி. இரு வாசிப்புகளில் ஒன்று மட்டும் நூலகம் திறந்திருந்த நாளில் விழுந்தால் அதையே ஏற்றுக்கொண்டேன். பெரும்பாலான பதிவுகள் இந்த ஒரு சோதனையிலேயே தீர்ந்தன. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவற்றில், அதாவது ஆகஸ்ட் 8 போன்றவற்றில், எப்படி வாசித்தாலும் ஒன்றுதான்.

தீராமல் நின்றவை, இரு வாசிப்பும் வார இறுதியாக அமைந்தவை. 2019 டிசம்பர் 1 ஞாயிறு. அதைத் திருப்பினால் வரும் ஜனவரி 12 சனி. கிழமை இங்கே கைவிட்டுவிடுகிறது. இங்கு உதவியது ஏட்டின் வரிசை எண். காகித ஏட்டில் வரிகள் வழங்கிய முறைப்படியே எழுதப்படுவதால், எண் ஏறும்போது தேதி இறங்கக் கூடாது. ஒரு பதிவுக்கு முந்தைய பதிவின் தேதியை அதனருகிலேயே கொண்டுவந்து காட்டும் ‘லாக்’ என்ற சாளரச் செயற்கூறு இதற்கென்றே அமைந்தது போன்றது. சாளரச் செயற்கூறுகளை நிபந்தனைப் பகுதியில் நேரடியாக எழுத முடியாது. உள் வினவலில் கணக்கிட்டு, வெளியில் ‘முந்தைய தேதியைவிடக் குறைவானவை’ என்று வடிகட்ட வேண்டும். முந்தைய பதிவு நவம்பர் 30, அடுத்தது ஜனவரி 12, அதற்கடுத்தது மீண்டும் டிசம்பர் 1 என்று திரையில் வந்தால், நடுவிலிருப்பதைத் திருப்ப வேண்டும் என்பதில் ஐயமில்லை. இரண்டு சோதனைக்கும் அகப்படாத சிலவற்றை மட்டும் காகித ஏட்டைப் புரட்டிப் பார்த்துச் சரிசெய்தோம்.

பெயர்கள் வேறு வகையான தொல்லை. ஊரில் சு. கோமதி என்று இருந்தவர், ஆங்கில முதலெழுத்தால் எஸ். கோமதியாகி, முதற்பெயர், கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் வைத்திருக்கும் மும்பைப் படிவங்களை நிரப்பிப் பழகிய பின் கோமதி முருகன் ஆகியிருப்பார். மூவரும் ஒருவரே என்பது எந்த வினவலுக்கும் தானாகத் தெரியாது. இதைக்கூட எதிர்பார்க்கலாம். கண்ணுக்கு முழுக்க ஒன்றாகத் தெரியும் இரண்டு ‘கோமதி’களைத் தரவுத்தளம் வேறு வேறு என்று சொன்னால் காரணம், கணினி எழுத்துகளைக் குறியீடுகளாக வைக்கும் முறையான யூனிகோடில் இருக்கிறது. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். எழுத்துகளின் நீளத்தைக் கேட்டால் ஒரு கோமதிக்கு 5 என்றும் மற்றவருக்கு 6 என்றும் விடை வரும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் எவரும் இதையும், முன்பின் இடைவெளிகளை நீக்கும் ‘டிரிம்’மையும் செய்யாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது என்பது என் கருத்து. மீந்த பெயர்களைத் தொலைபேசி எண்ணின் கடைசி எட்டு இலக்கங்களைக் கொண்டு இணைத்தேன். அப்படியும் யாரென்று தெரியாத பதிவுகளில் உறுப்பினர் எண் ‘நல்’ ஆகவே, அதாவது மதிப்பு ஏதும் இல்லாமலேயே, விடப்பட்டது.

இனி, திரும்பிய தேதி காலியாக இருக்கும் பதிவுகள். ‘நல்’லை எதனுடனும் சமம் என்று ஒப்பிட முடியாது, ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும் என்பது அறிமுக வகுப்பிலேயே சொல்லித் தரப்படும். அப்படிக் கேட்டால் வந்த பட்டியல் நூலகத்தில் பாதி அலமாரி வெளியே இருப்பதாகச் சொன்னது, அலமாரிகளோ நிரம்பியிருந்தன. அண்ணாச்சியிடம் காட்டியதும் விளங்கியது. நூல் இன்னும் வெளியே இருந்தால் காலி. புதுப்பித்துப் புது வரியில் எழுதினாலும் பழைய வரி காலி. நூல் தொலைந்து விலையைக் கட்டிவிட்டாலும் காலி, ஆனால் குறிப்பில் ‘தொகை பெற்றது’ என்றிருக்கும். ஆகவே வழங்கல் அட்டவணையில் ‘நிலை’ என்றொரு புலத்தைச் சேர்த்தேன். குறிப்பில் அந்தச் சொற்கள் இருந்தால் ‘ஈடு’. அதே உறுப்பினர் அதே நூலைப் பின்னர் ஒரு தேதியில் மறுபடி பெற்றிருந்தால் ‘புதுப்பிப்பு’. மற்றவை மட்டும் ‘வெளியே’.

ஒரு நூல்கூட எடுக்காத உறுப்பினர்கள் யார் என்றும் செயற்குழு கேட்டிருந்தது. இதற்குப் பலரும் எழுதுவது, வழங்கல் அட்டவணையின் உறுப்பினர் எண்களில் இல்லாதவர் யார் என்று கேட்கும் ‘நாட் இன்’. எங்கள் வழங்கல் அட்டவணையில் உறுப்பினர் எண் ‘நல்’ ஆன பதிவு ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த வினவல் ஒருவரையும் தராது. பிழைச் செய்தியும் வராது. தெரியாத அந்த ஒருவர் இவராகவும் இருக்கலாமே என்று தரவுத்தளம் எல்லோரையும் விட்டுவிடுகிறது. காலிப் பட்டியலைப் பார்த்து ‘அனைவரும் படிக்கிறார்கள்’ என்று குழு மகிழ்ந்திருக்கும். இவர் பெயரில் வழங்கல் பதிவே இல்லையா என்று கேட்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை.

திருத்தங்கள் அனைத்தையும், உறுதிசெய்யும்வரை திரும்பப் பெற வழிவிடும் ‘பிகின்’ என்று தொடங்கியே செய்தேன். முதலில் அதே நிபந்தனையுடன் எண்ணிக்கை, பிறகு ‘அப்டேட்’, அது மாற்றியதாகச் சொல்லும் எண்ணும் முதல் எண்ணும் ஒன்றாக இருந்தால் மாற்றத்தை உறுதிசெய்யும் ‘கமிட்’, இல்லையேல் பழைய நிலைக்கே திருப்பும் ‘ரோல்பேக்’.

இப்போது தன்னார்வலர்கள் பார்ப்பது ‘நிலுவை’ என்ற ஒரு காட்சி அட்டவணையை, அதாவது சேமித்து வைத்த வினவலின் விடையை, மட்டுமே. அவர்களின் கணக்குக்குப் படிக்கும் உரிமை உண்டு, மாற்றும் உரிமை இல்லை. முதல் நிலுவைப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தபோது அண்ணாச்சி பேனாவை எடுத்துச் சில பெயர்களுக்கு எதிரே ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்று எழுதித் திருப்பித் தந்தார். உறுப்பினர் அட்டவணையில் ‘ஊர் திரும்பிய ஆண்டு’ என்றொரு புலத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.