தனுஷ்கோடியில் ஒரு செம்பு தண்ணீர்

இருபுறமும் கடல் விரிய, 2017இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலை வழியாகச் சென்ற வாரம் தனுஷ்கோடிக்குச் சென்றேன். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயல், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருடன் விழுங்கியது. அரசும் இவ்வூரை வாழத் தகுதியற்றதென்று அறிவித்தது. அதே புயலில் சிதைந்த பாம்பன் ரயில் பாலம் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. ஊரையோ, திரும்பி வந்த மீனவர்கள்தாம் குடிசை குடிசையாக எழுப்பியிருக்கிறார்கள். பாலத்துக்குக் கிடைத்த அக்கறை ஊருக்குக் கிடைக்கவில்லையே என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் கூரையற்ற சுவர்களுக்கு அருகே, கீற்றுக் குடிசையின் முன் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "வெயில்ல நிக்காதீங்க தம்பி" என்று அழைத்து, மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு தந்தார். அலையடிக்கும் தூரத்தில் ஊறும் அந்த நீரில் உப்பின் சுவடே இல்லை. இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.