பின் டரெட்டில் மூன்றாவது தடவையும் வெள்ளை பூத்தது

நான் செய்துகொண்டிருக்கும் லங்காஸ்டர் என்ற இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு விமான மாடலில் உடல் ஒட்டியாகிவிட்டது, இறக்கை சேர்த்தாகிவிட்டது, வயிற்றுக் கறுப்பும் அடித்தாகிவிட்டது. அசலில் 72இல் ஒரு பங்கான இந்த 1/72 மாடலில் இரண்டு வாரமாக வேலை நிற்பது புளியங்கொட்டை அளவுள்ள பின் டரெட்டில்தான், அதாவது துப்பாக்கி வீரர் உட்காரும் சுழலும் கண்ணாடிக் கூண்டில். சூப்பர் குளூவின் ஆவி பட்டு, அதன் கண்ணாடித் துண்டு நேற்றும் வெள்ளை பூத்துவிட்டது.

வேறு விமானமாக இருந்தால் அப்படியே கறுப்படித்து மூடியிருப்பேன். இது கேபி 726 என்ற எண் கொண்ட விமானம். 1944 ஜூன் 12 இரவு பிரான்சின் காம்ப்ரேயைத் தாக்கக் கிளம்பித் திரும்பாமல் போன கனடிய 419ஆம் ஸ்குவாட்ரன் விமானம். பின்பக்கம் கீழிருந்து வந்த ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க இஞ்சின் இரண்டும் நின்றன. பின் டரெட்டைத் திருப்பும் ஹைட்ராலிக்கும் அதோடு போயிற்று. கையால் திருப்பப் பார்த்தபோது அந்தப் பிடியும் உடைந்து, அதிலிருந்த துப்பாக்கி வீரர் பாட் பிரோஃபி உள்ளேயே மாட்டிக்கொண்டார்.

மேல் டரெட்டில் இருந்தவர் கனடாவின் வின்னிபெக்கைச் சேர்ந்த ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, 27 வயது. குதிக்கக் கிளம்பியவர், பிரோஃபியைப் பார்த்துவிட்டுத் தீக்குள் புகுந்து டரெட்டை விடுவிக்கப் போராடினார். பாராசூட்டும் இடுப்புவரை உடையும் பற்றிக்கொண்டன. இனி ஆகாது, போய்விடு என்று பிரோஃபி சைகை காட்டிய பிறகுதான் திரும்பினார். எரிகிற உடையோடு நிமிர்ந்து நின்று பிரோஃபிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயத்தில் இறந்துபோனார். விமானம் தரையில் மோதியதில் வெளியே வீசப்பட்ட பிரோஃபி பிழைத்தார். அவர் சொன்ன பிறகே நடந்தது வெளியே தெரிந்து, 1946இல் மைனார்ஸ்கிக்கு வீரத்துக்கான உயரிய விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

அதனால்தான் அந்தக் கண்ணாடி துல்லியமாக வேண்டும் என்று நிற்கிறேன். உள்ளே இருப்பவர் தெரிய வேண்டும்.

இன்று உட்கார்ந்து 2000 எண் உப்புத்தாளில் தொடங்கி 4000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பஞ்சில் பாலிஷ் எடுத்துச் சின்ன வட்டமாக ஒரு மணி நேரம். வெண்மை போனது. ஆனால் சட்டக் கோடுகளும் பாதி தேய்ந்துவிட்டன. அரை மில்லிமீட்டருக்கு மாஸ்கிங் டேப்பை நறுக்கி ஒட்டி, அந்தக் கோடுகளை மறுபடி கொண்டுவந்தேன். பிறகு பளபளப்புத் தரும் அக்ரிலிக் வார்னிஷில் ஒரு முக்கு. ஒட்டுவதற்கு இனி வெள்ளைப் பசைதான். காய நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

விமானத்தின் பக்கத்தில் இருக்கும் விஆர்-ஏ என்ற அடையாள எழுத்துக்கான டெக்கால், அதாவது ஒட்டும் படம், தனியாக வாங்க வேண்டியிருந்தது. முதலில் அனுப்பியவர் பளிச்சென்ற சிவப்பில் அனுப்பிவிட்டார். இரவு விமானத்துக்கு மங்கின சிவப்பு வேண்டும். வேறு ஆளிடம் சொல்லியிருக்கிறேன். அது வருவதற்குள் ஒருதடவை கனடாவின் ஹமில்டன் போய்வர ஆசை. பறக்கும் நிலையில் உலகத்தில் மிஞ்சிய இரண்டு லங்காஸ்டரில் ஒன்று அங்கேதான், இதே விஆர்-ஏ எழுத்தோடு நிற்கிறது. வால்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்க வேண்டும்.

அப்புறம் டரெட்டை நேராக ஒட்டவில்லை. நேராக இருந்தால்தான் பின்கதவு உடலோடு சேரும், ஆள் உள்ளே போகலாம். என்னுடையது ஒரு பக்கம் திரும்பிச் சிக்கியிருக்கிறது. தூசி படாமல் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை மேல் டரெட். அதில் ஆள் வைக்கப்போவதில்லை.