போக்கர் அறையில் முதல் மேசை எங்கே இருக்க வேண்டும்

கேசினோவில் மற்றவை எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் மூலைதான் பெரும்பாலும் போக்கருக்குக் கிடைக்கும். காரணம் வருமானக் கணக்கு. ஸ்லாட் மெஷினிலும் பிளாக்ஜாக்கிலும் ஆட்டக்காரர் கேசினோவை எதிர்த்து ஆடுகிறார். போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் ஜெயிக்கிறார்கள். கேசினோவுக்குக் கிடைப்பது ஒவ்வொரு ஆட்டத்திலும், அதாவது சீட்டுப் போடும் ஒவ்வொரு முறையும், கட்டிய பணத்திலிருந்து எடுக்கும் கட்டணமான ரேக் மட்டுமே. லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநில விதிப்படி அந்த ஆட்டத்தில் கட்டிய மொத்தப் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ரேக் எடுக்க முடியாது. நடைமுறையில் 4, 5 டாலர் என்று உச்சவரம்பும் இருக்கும். ஒரு டீலர் (சீட்டுப் போட்டு ஆட்டத்தை நடத்தும் ஊழியர்) மணிக்கு 30 ஆட்டம் நடத்தி, சராசரியாக 3 டாலர் எடுத்தால் 90 டாலர். அதில் டீலர் சம்பளம், மேற்பார்வை, பானம் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் போக்கர் அறைக்கு நடைபாதையை ஒட்டி ஒரு பக்கம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தப் பக்கத்தில் எந்த மேசையை எப்படிப் போடுகிறோம் என்பதை மிகக் கவனமாக முடிவு செய்ய வேண்டும்.

எந்த நடைபாதை என்பதும் முக்கியம். ஸ்லாட் வரிசைகளுக்கு நடுவே போகிறவர் நிற்பதில்லை. விளையாட்டுப் போட்டிகள்மீது பந்தயம் கட்டும் இடமான ஸ்போர்ட்ஸ் புக்கை ஒட்டிய பக்கம்தான் என் முதல் தேர்வு. பந்தயம் கட்டிவிட்டு மேட்ச் முடியும்வரை காத்திருப்பவருக்கு உட்கார ஓர் இடமும் டிவி தெரியும் கோணமும் போதும்; போக்கர் மேசையில் இரண்டும் உண்டு. ஷோ அரங்கின் வாசல் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் காட்சிக்கு முன் எல்லோருக்கும் அவசரம், முடிந்ததும் கொஞ்ச நேரம்தான் கூட்டம். அந்த நேரத்தில் காலி இருக்கை இல்லையென்றால் அவ்வளவு பேரும் கடந்து போய்விடுவார்கள்.

அறையையும் நடைபாதையையும் பிரிக்கும் தடுப்பை ஒட்டிய மேசை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஒன்பது பேர் ஆடும் நீள்வட்ட மேசை ஏறத்தாழ எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம். நீளப் பக்கத்தின் நடுவில் டீலர். அவர் முகம் நடைபாதையைப் பார்க்கும்படி போட்டால் வரவேற்பதுபோல இருக்கும். ஆனால் அவருக்கு எதிரே உள்ள 4, 5, 6-ஆம் இருக்கைகளின் முதுகு முழுவதும் வெளியே தெரியும். போகிறவர் கண்ணில் படுவது மூன்று முதுகுகள்தான். அதைவிட மோசம், அந்த மூவரும் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது பின்னால் நிற்பவருக்கும் அது தெரியும். ஒருமுறை அப்படி நடந்தால் பழைய ஆட்டக்காரர்கள் அந்த இருக்கைகளில் உட்கார மறுப்பார்கள். டீலரின் முதுகை வெளியே திருப்பினால் ஆட்டக்காரர்களின் முகமும் சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) அடுக்குகளும் நன்றாகத் தெரியும். ஆனால் டீலர் முன் இருக்கும் சிப் தட்டு தடுப்புக்கு அருகே வந்துவிடுகிறது. கண்காணிப்புப் பிரிவு அதற்கு ஒத்துக்கொள்ளாது, அவர்கள் சொல்வது நியாயமும்கூட.

மேசையின் குறுகிய முனை நடைபாதையைப் பார்த்திருப்பதே சரி. முனையில் உள்ள இரண்டு இருக்கைகள் மட்டும்தான் முதுகு காட்டும். டீலர் பக்கவாட்டில் தெரிவார், நடுவில் விரியும் சீட்டுகளும் தெரியும், சிப் தட்டும் எட்டாத தூரத்தில் இருக்கும். தடுப்புக்கும் நாற்காலி முதுகுக்கும் நடுவே நாலடி விட வேண்டும். பானம் கொண்டுவருபவரும் சிப் மாற்றித் தருபவரும் அந்த வழியாகத்தான் போவார்கள். வேடிக்கை பார்ப்பவரும் சீட்டு தெரியாத தூரத்தில் நிற்பார்.

தடுப்போரத்தில் சிறிய தொகை ஆட்டம்தான் நடக்க வேண்டும், 1-3 நோ லிமிட் போல (கட்டாயப் பந்தயம் 1, 3 டாலர்; அதற்கு மேல் கட்டுவதற்கு வரம்பு இல்லை). 100 டாலரில் உட்காரலாம் என்று எழுதிய பலகை, 'இருக்கை உண்டு' என்ற வரியுடன், நின்றபடியே படிக்கும் உயரத்தில் இருக்கட்டும். புதியவரைத் தடுப்பது பணம் மட்டுமல்ல. யாரிடம் கேட்பது, எப்படி உட்காருவது என்று தெரியாத கூச்சம். அதனால் வெயிட்டிங் லிஸ்ட் எழுதுபவரின் மேடை வாசலிலேயே, அவர் முகம் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும். பெரிய தொகை ஆட்டக்காரர்களுக்குத் தனிமை தேவை. லாஸ் வேகஸின் பெல்லாஜியோ கேசினோவில் போக்கர் சாம்பியன் பாபி பால்ட்வின் பெயரில் பாபிஸ் ரூம் என்று அழைக்கப்பட்ட கண்ணாடி அறை இதற்கு நல்ல விடை: உள்ளே நடக்கும் ஆட்டம் வெளியிலிருந்து தெரியும், ஆனால் யாரும் நெருங்க முடியாது. சீட்டாட்டத்துக்கென்றே உள்ள கலிபோர்னியா கார்ட்ரூம்களில் ஸ்லாட் மெஷினே கிடையாது. அங்கே வருபவர் சீட்டாடவே வருவதால் இந்தக் கவலை குறைவு.

எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் மேசையின் இடத்தைப்போலவே முக்கியம். ஒன்பது பேரும் இருந்தால் போகிறவர் பார்த்துவிட்டுப் போவார். நாலு பேர் இருந்தால் கலையப்போகும் ஆட்டம் என்று நினைப்பார். ஏழு பேர், இரண்டு காலி நாற்காலி, அதில் ஒன்று நடைபாதைப் பக்கம்: இதுதான் ஆளை உட்காரவைக்கும். ஒரே ஆட்டம் இரண்டு மேசையில் நடந்தால், முதன்மை மேசையை உள்ளே வைத்து, அங்கே இடம் காலியாகும்போதெல்லாம் ஆள் அனுப்பும் மேசையைத் தடுப்போரத்தில் வையுங்கள். அதில் இடம் காலியாகிக்கொண்டே இருக்கும், புதியவருக்கு உடனே இருக்கை கிடைக்கும். ஆனால் ஆறுக்குக் கீழே இறங்கவிடாமல் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திறந்த பக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்லாட் சத்தத்தில் 'ரெய்ஸ்' (பந்தயத்தை உயர்த்துகிறேன்) என்று சொன்னது டீலர் காதில் விழாது. வாயால் சொன்னதே கட்டுப்படுத்தும் என்பது விதி என்பதால் தகராறு எழும், மேற்பார்வையாளர் வருவார், ஆட்டம் நின்றுபோகும். நின்ற நேரத்துக்கு ரேக் இல்லை. மிக அருகில் உள்ள ஸ்லாட் வரிசையின் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது அந்த வரிசையின் முதுகு அறையைப் பார்க்கட்டும். வெளியே புகைக்க அனுமதி இருந்தால் புகையும் உள்ளே வரும். தடுப்பு நெடுக மேலே காற்றை உறிஞ்சும் குழாய் தேவை.

இவற்றையெல்லாம் கம்பளம் விரிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மேசையை இரண்டடி நகர்த்தினாலும் மேலே உள்ள கேமரா சீட்டையும் சிப் தட்டையும் சரியாகப் பிடிக்காது. சீட்டுக் குலுக்கும் இயந்திரத்துக்கான மின்பெட்டியும் தரையில் பழைய இடத்திலேயே இருக்கும்.

இரவு ஆள் குறையும்போது மேசைகளைக் கலைக்கும் வரிசை பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. வாசலுக்கு அருகே இருப்பதை முதலில் மூடுவது ஊழியருக்கு எளிது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அறையே மூடிவிட்டதுபோல இருக்கும். உள் மேசையை முதலில் கலைத்து, அங்கிருப்பவர்களைச் சீட்டு எடுத்து இருக்கை முடிவு செய்யச் சொல்லி தடுப்போரத்துக்கு அழைத்துவர வேண்டும். காலையில் முதல் ஆட்டம் தொடங்குவதும் அதே மேசையில்தான்.