ஸ்கார்ஃபும் எங்கம்மா கையும்

போன வருசம் எட்டாப்பு படிக்கிற நம்ம பாப்பா கைட்ஸ்ல, அதான் பொண்ணுங்களுக்கான சாரணர் படைல, சேரணும்னு வந்து நின்னப்போ எங்கம்மாதான் மொத ஆளா கத்துச்சு, பொட்டப்புள்ளைய ராத்திரி வெளிய தங்க விடுவியாடான்னு. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான், வெளிய காட்டிக்கல.

அழகர்கோவில் அடிவாரத்துல மூணு நாள் கேம்ப். விறகு பொறுக்கி அடுப்பு மூட்டி இவளுகளே சோறாக்கிருக்காளுக, நடுவுல கொரங்கு வந்து தக்காளிப் பைய தூக்கிட்டுப் போயிருச்சாம், ரசம் இல்லாமலே தின்னோம்ப்பான்னு சிரிக்கிறா. வீட்ல தட்டக் கழுவச் சொன்னா மூஞ்சி தூக்குற புள்ள இது!

விசயம் என்னன்னா, போன வாரம் எங்கம்மா வாசப்படில வழுக்கி விழுந்துருச்சு, மணிக்கட்டு வீங்கிப்போச்சு, நான் சாவியத் தேடி முழிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவ கைட்ஸ் யூனிபார்மோட கழுத்துல கட்டுற ஸ்கார்ஃப எடுத்து முக்கோணமா மடிச்சு கைய நெஞ்சோட தூக்கிக் கட்டி "அப்பத்தா அசைக்காம இரு, ஒண்ணுமில்ல"ங்குறா. அந்த ஸ்கார்ஃப் அழகுக்குன்னுல்ல நெனச்சிருந்தேன். ஆஸ்பத்திரில எலும்பு லேசா விரிசல்னாங்க, கட்டு நல்லா போட்டிருக்கீங்கன்னும் சொன்னாங்க.

1909ல லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல பசங்க சாரணர் கூட்டத்துக்கு பொண்ணுங்க கூப்பிடாமயே போயி நின்னாங்களாம், அதுலருந்துதான் அடுத்த வருசமே கைட்ஸ் வந்துச்சுன்னு இவதான் சொன்னா.

எங்கம்மா இப்ப தெருவுல எல்லார்ட்டயும் கையக் காட்டி பேத்தி கட்டுனதுங்குது. அடுத்த கேம்ப்புக்கு முறுக்கு சுடணுமாம், ஒத்தக் கையோட!