டென்ட்ரிடிக் செல்லோடு மலேரியா சிவப்பணுக்களைச் சேர்த்து வைக்கும்போது

கிருமியை விழுங்கி, முதிர்ந்து, அதன் துண்டுகளை நோய் எதிர்ப்புக்கான டி செல்லிடம் காட்டி அதைக் கிளப்பிவிடுவதுதான் டென்ட்ரிடிக் செல்லின் வேலை. மலேரியா ஒட்டுண்ணியான பால்சிபேரம் புகுந்த சிவப்பணுக்கள் இந்த முதிர்ச்சியையே தடுக்கின்றன என்று 1999-இல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2007-இல் வந்த இன்னொன்று, ஒரு டென்ட்ரிடிக் செல்லுக்கு 100 சிவப்பணு வைத்தால் தடை தெரிகிறது, 10 வைத்தால் தெரியவில்லை என்று காட்டியது. 100-இல் டென்ட்ரிடிக் செல்கள் செத்தும் போயின. இந்தச் சோதனையைத் தொடங்குகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த விகிதத்தைத்தான்.

நாங்கள் செய்யும் முறை இது. ரத்தத்திலிருந்து, சிடி14 என்ற மேற்பரப்புப் புரதம் உள்ள மோனோசைட்டுகளை (ஒரு வகை வெள்ளணு) பிரித்து, ஜிஎம்-சிஎஸ்எஃப், ஐஎல்-4 என்ற சமிக்ஞைப் புரதங்கள் இரண்டையும் சேர்த்து 6 நாள் வளர்த்து டென்ட்ரிடிக் செல்லாக்குகிறோம்; 3-ஆம் நாள் இரண்டையும் புதிதாக ஊற்ற வேண்டும். இன்னொரு பக்கம் ஒட்டுண்ணி கல்ச்சரை 5% சார்பிட்டால் கொண்டு ஒரே வயதுக்குக் கொண்டுவந்து, ட்ரோபோசோயிட் (வளைய நிலைக்கு அடுத்த நிலை) முற்றியதும் காந்தக் குழலில் (மேக்னெட்டிக் காலம்) ஓட்டுகிறோம். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று விடும் கழிவான ஹீமோசோயினில் இரும்பு இருப்பதால் முற்றியவை குழலிலேயே நின்றுவிடும். இளம் வளைய நிலையும் வெறும் சிவப்பணுக்களும் கீழே போய்விடும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். 5% தொற்றுள்ள கல்ச்சரை அப்படியே ஊற்றினால், தொற்றுள்ள 100 சிவப்பணுவோடு தொற்றில்லாத 1,900-மும் சேர்ந்தே வரும்.

1 லட்சம் டென்ட்ரிடிக் செல் இருக்கும் குழியில் 100-க்கு 1 என்றால் 1 கோடி சிவப்பணு. அரை மில்லி மீடியத்தில் அவ்வளவு ஒட்டுண்ணிகள் குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கும். மறுநாள் காலை தட்டை எடுத்தால் 10-க்கு 1 குழிகள் இளஞ்சிவப்பாகவும், 100-க்கு 1 குழிகள் அமிலத்தால் மஞ்சளாகவும் இருக்கும். மஞ்சள் குழியில் சிடி86 (முதிர்ந்த செல்லில் கூடும் மேற்பரப்புப் புரதம்) குறைந்திருந்தால், அது ஒட்டுண்ணி அடக்கியதா, அமிலத்தில் செல் வாடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 3, 10, 30, 100 என்று படிப்படியாக வையுங்கள். ஒவ்வொரு குழாயிலும் செத்த செல்லைக் காட்டும் சாயம் போட்டு, உயிரோடு இருப்பவற்றை மட்டும், செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எண்ணுங்கள்.

ஒப்பீட்டுக்கு வைக்கும் தொற்றில்லாத சிவப்பணு அதே கொடையாளருடையதாக, அதே மீடியத்தில் அத்தனை நாளும் இருந்ததாக இருக்க வேண்டும். புதிதாக எடுத்த ரத்தம் செல்லாது. பழைய சிவப்பணுவை டென்ட்ரிடிக் செல் கூடுதலாக விழுங்கும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது, கல்ச்சரில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியாவான மைக்கோப்ளாஸ்மா. மீடியம் கலங்காது, ஜீம்சா சாயமிட்ட ஸ்லைடில் தெரியாது, ஒட்டுண்ணி நன்றாகவே வளரும். ஆனால் அதன் லிப்போபெப்டைடுகள் டிஎல்ஆர்2 என்ற ஏற்பி வழியாக டென்ட்ரிடிக் செல்லைத் தூண்டிவிடும். 'மலேரியா தூண்டுகிறது' என்று தெரியும் முடிவு இப்படிப் பொய்யாகலாம். வேறு ஆய்வகத்திலிருந்து வந்த எந்தக் கல்ச்சரையும் மைக்கோப்ளாஸ்மா இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பார்க்காமல் இன்குபேட்டருக்குள் விடாதீர்கள்.

24 மணி நேரம் கழித்துப் பாதிக் குழிகளில், முதிர்ச்சியைத் தூண்டும் பாக்டீரியாப் பொருளான எல்பிஎஸ் 100 நானோகிராம்/மில்லி சேர்த்து, இன்னொரு நாள் விட்டு எச்எல்ஏ-டிஆர், சிடி83, சிடி86 என்ற முதிர்ச்சிக் குறிகள் மூன்றையும் பார்க்கிறோம். மேல்நீரை ஐஎல்-12, ஐஎல்-10, டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதங்களை அளக்க உறைய வைக்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் டென்ட்ரிடிக் செல்லுக்குள் ஹீமோசோயினின் பழுப்புத் துகள்கள் தெரியும். துருவப்படுத்திய (போலரைஸ்டு) ஒளியில் அவை மினுங்கும். சைட்டோமீட்டரிலும் பக்கச் சிதறல் ஏறும். அதனால் எந்தச் செல்களை எண்ணுவது என்ற எல்லையை (கேட்) வெறும் சிவப்பணு குழாயில் மட்டும் வரைந்தால், துகள் விழுங்கிய செல்கள்தான் முதலில் வெளியே விழும்.

கடைசிப் படி டி செல். டென்ட்ரிடிக் செல்லை நன்கு கழுவி, மறுபடி எண்ணி, உயிருள்ள 10,000-ஐ வேறொரு கொடையாளரின் 1 லட்சம் சிடி4 டி செல்லோடு யு-வடிவக் குழியில் வைக்கிறோம். டி செல்லுக்குள் முன்பே, செல் பிரியப் பிரிய மங்கும் சாயமான சிஎஃப்எஸ்இ ஏற்றியிருக்க வேண்டும். 5 மைக்ரோமோலாருக்கு மேல் போனால் சாயமே அவற்றைக் கொல்லும். 5-ஆம் நாள் செல் பிரிவைப் பாருங்கள். மறுபடி எண்ணாமல் கழுவிய அளவையே ஊற்றினால், 100-க்கு 1 குழியிலிருந்து வரும் டென்ட்ரிடிக் செல் பாதியாகக்கூட இருக்கலாம். அப்போது டி செல் பெருகாததற்குக் காரணம் அந்தக் குறைவாகவே இருக்கும்.