கல்லில்லாத ஊர்ல கல்லு மீனு

2025 ஜனவரி 5

மீனு வளக்குற டேங்க் வந்து இறங்கிடுச்சு. நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம், 10 எம்எம் கண்ணாடி. கும்பகோணத்துல ஒட்டச் சொல்லி சிலிக்கான் நல்லா காயட்டும்னு ஒரு வாரம் அங்கயே விட்டு வெச்சுட்டு இன்னைக்குதான் குட்டியானைல ஏத்திட்டு வந்தோம். தண்ணி மட்டுமே 250 லிட்டர் வரும், அதாவது கால் டன்னு, கல்லு மணலு கண்ணாடி எல்லாம் சேந்தா 350 கிலோவ தாண்டும், அதனால ஸ்டாண்டை பட்டறைல சொல்லி இரும்பு ஸ்கொயர் பைப்ல அடிச்சு, மேல ப்ளைவுட், அதுக்கு மேல தெர்மாகோல் போட்டாச்சு. எடம் ரேழிதான். அங்க வெயில் நேரா விழாது.

வளக்கப் போறது மலாவி ஏரி சிக்லிட்ன்ற மீனு. ஆப்பிரிக்கால மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூணு நாட்டுக்கும் நடுவுல கெடக்குற ஏரி, சில எடத்துல 700 மீட்டர் ஆழம். அந்த ஏரிக்கரையோரம் பாறை இடுக்குலயே பொறந்து அங்கயே பாசியச் சொரண்டித் தின்னு அங்கயே சாவுற கூட்டத்துக்கு 'ம்புனா'ன்னு பேரு. அந்த ஊரு பாஷைல பாறை மீனுன்னு அர்த்தமாம்.

ஜனவரி 9

மூணு நாளா கல்லு தேடி அலையுறேன். நம்ம ஊர்ல கல்லே இல்லன்றது இந்த வயசுலதான் ஒறைக்குது. எங்க தோண்டினாலும் வண்டல், களி, மணலு. தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கே கல்லு திருச்சி புதுக்கோட்டை பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு சின்ன வயசுலேருந்து கேக்குறதுதான், ஆனா நாலு கல்லு வேணும்னு நாமளே தேடும்போதுதான் அது புரியுது. வல்லம் பக்கம் செம்பாறாங்கல் கெடைக்கும், ஆனா ஓட்ட ஓட்டயா மொரடா இருக்கு, மீனு ஒரசினா செதில் போயிரும்னு வேணாம்னு விட்டேன்.

கடைசில கீரனூர் பக்கத்துலேருந்து ஜல்லி ஏத்திட்டு வர்ற லாரிக்கார அண்ணன்கிட்ட சொல்லி வெச்சேன், தேங்காய் அளவுலேருந்து பூசணிக்காய் அளவு வரைக்கும் கருங்கல்லு, மொத்தம் ஒரு 60 கிலோ இருக்கும். மொனை கூர்மையா இருந்ததெல்லாம் ஒதுக்கிட்டேன், துரு கோடு ஓடுனதையும் ஒதுக்கிட்டேன்.

ஜனவரி 11

இது எழுதியே ஆவணும். அம்மா கொல்லைப்பக்கம் கூட்டும்போது அப்பாயியோட இடிகல்லு கெடைச்சுது. இஞ்சி, மெளகு, பல்லு போன பொறவு வெத்தலைன்னு அப்பாயி எல்லாத்தையும் இதுலதான் இடிக்கும். ஒரு ஓரம் ஒடைஞ்சு போயி செம்பருத்திச் செடிக்கு அண்டக்குடுத்து கெடந்துச்சு. உள்ள கைய விட்டுப் பாத்தேன், வழவழன்னு கண்ணாடி மாதிரி தேஞ்சிருக்கு, வெளிய மட்டும் உளி கொத்துன தடம் புள்ளி புள்ளியா இருக்கு. படுக்கப்போட்டா அச்சு அசலா ஒரு குகை.

"ஏண்டா தம்பி, அப்பாயி சாமானப் போயி மீனுக்கு வீடு கட்டுறியா"ன்னு அம்மா கேட்டாங்க. அப்பறம் அவங்களே தேங்காநார் போட்டு தேச்சுக் கழுவிக் குடுத்தாங்க. சோப்பு மட்டும் போட்டுடாதம்மான்னு சொல்லிட்டேன்.

ஜனவரி 12

அடுக்கியாச்சு. இதுல ஒண்ணு சொல்லணும், மொதல்ல கல்லு அப்பறம்தான் மணலு. இந்த மீனுங்க நாள் பூரா வாயால மணலை அள்ளிக் கொட்டும், மணலு மேல கல்ல அடுக்கினா அடியில பறிச்சு பறிச்சு ஒருநாள் மொத்தமா சரிஞ்சு கண்ணாடி போயிரும். அதனால அடித்தளத்துல மெல்லிசா ஃபோம் ஷீட், அதுமேல பெரிய கல்லு ஆடாம உக்காந்த பொறவு, வீடு கட்டி மிச்சம் கெடந்த ஆத்து மணலை பதினோரு தடவ அலசிக் கொட்டினேன். இடிகல்லு நடுவுல, வாய் நம்மளப் பாத்த மாதிரி.

தண்ணிதான் ஆச்சரியம். எங்க போர்த் தண்ணில பருப்பு வேவாது, குண்டான்ல வெள்ளையா படியும், கரைஞ்ச உப்போட அளவு, டிடிஎஸ், 740 காட்டுது, ஊரே திட்டுற தண்ணி. மலாவி மீனுக்கு அப்படி காரமான தண்ணிதான் வேணும், காரத்த அளக்குற பிஎச் 7.7 லேருந்து 8.6 வரைக்கும் அந்த ஏரில இருக்கு. போர்லேருந்து புடிச்ச ஒடனே பாத்தா 7.4 தான் வந்துச்சு, பயந்துட்டேன். ராத்திரி பூரா காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் போட்டு காலைல பாத்தா 8.1. பூமிக்கடியில தண்ணிக்குள்ள அடைபட்ட கார்பன் டை ஆக்சைடு வெளிய போன பொறவுதான் நெசமான பிஎச் தெரியும், அதனால புடிச்ச ஒடனே பாத்துட்டு முடிவு பண்ணக்கூடாது. பஞ்சாயத்துத் தண்ணின்னா பிளீச்சிங் பவுடர் இருக்கும், போர்ல அந்தத் தொல்லையும் கெடையாது.

பிஎச் கொறையாம நிக்கணும்னு நாகப்பட்டினத்துலேருந்து அத்தை மவன் கொண்டாந்த கிளிஞ்சலை உப்பு போவ அலசி, கொதிக்க வெச்சு, வலைப்பைல கட்டி ஃபில்டர் பக்கத்துல போட்டேன். தண்ணி புளிச்சா மட்டும் அது கரையும், 8 தாண்டிட்டா சும்மா கெடக்கும். சுட்ட சுண்ணாம்பு மட்டும் போட்டுடாதீங்க, கடகடன்னு ஏத்தி மீனக் கொன்னுடும்.

சாயங்காலம் ஒரு பச்ச இறாலை துணில கட்டி உள்ள தொங்க விட்டேன்.

ஜனவரி 21

ரேழில நாத்தம். அம்மாவுக்கு கோவம். இறாலு அழுகி அமோனியா வரணும், அதத் தின்னுற பாக்டீரியா பெருகி அத நைட்ரைட் ஆக்கணும், அதத் தின்ன இன்னொண்ணு வந்து நைட்ரேட் ஆக்கணும், அது ஆவுற வரைக்கும் மீனு விடக்கூடாதுன்னு எவ்வளவு சொல்லியும் "காலி தொட்டிய பாத்துகிட்டு உக்காந்திருக்கான்"னுதான் பக்கத்து வீட்டு மாமா சொல்றாரு. டெஸ்ட் கிட்ல அமோனியா கரும்பச்சை. பிஎச் ஏற ஏற அமோனியா விஷமும் ஏறும், அதனால நம்ம தண்ணில இந்தப் பொறுமை டபுளா வேணும்.

பிப்ரவரி 3

அமோனியா எறங்குது, நைட்ரைட் ஊதா.

பிப்ரவரி 22

ரெண்டும் சுழி. 41 நாள் ஆச்சு. பாதித் தண்ணிய மாத்திட்டேன். நாளைக்கு ராத்திரி ரயிலு.

பிப்ரவரி 25

சென்னை கொளத்தூர் போயி வாங்கிட்டு வந்தேன். மஞ்சள் லேப் 10, ரஸ்டி 10, ரெண்டும் ம்புனா ஜாதிதான், எல்லாம் ஒன்றரை இஞ்சி குஞ்சு. ரஸ்டி கடைல சீண்டுவாரில்லாம கெடந்துச்சு, குட்டில பழுப்பா அழுக்கா இருக்கும், வளந்தா ஒடம்பு துருவும் நாவப்பழமும் கலந்த ஒரு நிறம். ம்புனாலயே சாது அதுதான், மொதமொதல்ல வளக்குறவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன். ஆம்பளை ஒண்ணுக்கு பொம்பளை மூணாவது வேணும், குஞ்சுல பிரிச்சுப் பாக்க முடியாதுன்றதாலதான் பத்து பத்தா வாங்கினது.

கொஞ்சம் நெருக்கமா விடுறதும் வேணும்னுதான். நாலே மீனு விட்டா ஒண்ணு ரவுடியாகி மிச்சத்த அடிச்சே கொல்லும், கூட்டமா இருந்தா யாரத் தொரத்துறதுன்னு தெரியாம கோவம் பிரிஞ்சு போயிரும்.

வரும்போது கடைக்காரரு மஞ்சள்ல கருப்புக் கோடு போட்ட ரெண்டு மீனை கொசுறா போட்டுவிட்டாரு. அழகா இருந்துச்சு, வாங்கிக்கிட்டேன்.

மார்ச் 30

கொசுறு மீனு ரெண்டும் ஆரேட்டஸ், ம்புனாலயே முரட்டு ஜாதி. ஒண்ணு ஆம்பளை, மஞ்சள் போயி ஒடம்பு கருத்து கோடு வெளுத்து வந்துடுச்சு, இடிகல்லைப் புடிச்சுகிட்டு யாரையும் பக்கத்துல விட மாட்டேங்குது. ரெண்டு ரஸ்டி செத்துப்போச்சு, ஒண்ணுக்கு வாலே இல்ல. பேரு கேக்காம எந்த மீனையும் வாங்கக்கூடாது, இத நான் ரெண்டு உசுரு குடுத்து கத்துக்கிட்டேன். மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு.

ஏப்ரல் 1

எல்லாக் கல்லையும் வெளிய எடுத்துதான் அதைப் புடிக்க முடிஞ்சுது. தஞ்சாவூர்ல ஆறடி டேங்க் வெச்சிருக்குற ஒரு தம்பிகிட்ட ரெண்டையும் குடுத்தாச்சு. திரும்ப அடுக்கும்போது வேற மாதிரி அடுக்கினேன், பழைய எல்லைலாம் அழிஞ்சுடும், எல்லாரும் புதுசா ஆரம்பிக்கும். இடிகல்லு மட்டும் அதே எடத்துல.

மே 6

வெயிலு. தண்ணி 31 டிகிரி, இதுங்களுக்கு 28 தாண்டக்கூடாது, சூடு ஏறினா தண்ணில ஆக்சிஜன் நிக்காது. மூடிய எடுத்துட்டு கொசுவலை கட்டி, டேபிள் ஃபேனை தண்ணி மேல வீச விட்டேன், 28.5க்கு எறங்கிடுச்சு. ஆனா தெனம் ஒரு வெரக்கடை தண்ணி கொறையுது. ஆவியா போறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே தங்கிடும், ஊத்தி நெரப்பிட்டா போதாது, வாரம் 30 சதம் எடுத்து மாத்துறேன். கழிவுத்தண்ணி வாழைக்குப் போவுது.

கரண்ட் போனா ஏர் பம்ப் ஓட பேட்டரி வெச்சாச்சு. தீனி ஸ்பைருலினான்ற பாசில செஞ்ச குருணை, வாரம் ஒருநா பசலைக்கீரைய வெந்நீர்ல முக்கிப் போடுவேன். தம்பி மவன் ஆசையா புழு வாங்கிட்டு வந்தான், திருப்பி அனுப்பிட்டேன், பாசி தின்னுற கொடலுக்கு அது ஆவாது, வயிறு வீங்கியே போயிரும்.

ஜூன் 15

கல்லணை தொறந்தாச்சு.

ஒரு ரஸ்டி ரெண்டு நாளா தீனி எடுக்கல. இடிகல்லுக்குள்ளயே நிக்குது, வாய தொறக்குறதே இல்ல. வீக்க நோய்தான்னு முடிவு பண்ணி தனி டப்பா ரெடி பண்ணிட்டிருந்தேன். அம்மா வெளக்குமாத்தோட வந்து குனிஞ்சு பாத்தாங்க. "நோவும் இல்ல ஒண்ணும் இல்ல. வாய்க்கா ஜிலேபி குஞ்ச வாய்ல வெச்சிருக்கும்ல, அது மாதிரி தாடைய பாரு"ன்னாங்க. பாத்தேன். தாடைக்கு அடியில சின்னப் பை மாதிரி எறங்கியிருக்கு, தோலு வழியா மஞ்சளா உருண்டை உருண்டையா தெரியுது, அப்பப்ப மென்னுற மாதிரி உள்ள பொரட்டி விடுது.

அம்மா சொன்னது நூத்துக்கு நூறு. ஜிலேபியும் ஆப்பிரிக்காலேருந்து 1952ல நம்ம நாட்டுக்கு வந்த சிக்லிட்தான், இதுக்குப் பங்காளி முறை. அம்மா அரிவாமணைல எத்தன ஜிலேபிய ஆஞ்சிருப்பாங்க, வாயத் தொறந்தா குஞ்சு கொட்டுறத எத்தன தடவ பாத்திருப்பாங்க. ம்புனால முட்ட போட்ட ஒடனே பொம்பளை வாய்ல அள்ளிடும், ஆம்பளையோட அடித்துடுப்புல முட்ட மாதிரியே மஞ்சப் புள்ளி இருக்கும், அதையும் முட்டைன்னு அள்ளப் போவும்போது வாய்க்குள்ளயே கருத்தரிச்சுடும். நான் படிச்சு வெச்சிருந்ததுதான். ஆனா பாத்துச் சொன்னது அவங்க.

ஜூன் 24

புடிக்கல, பிரிக்கல, வலை கிட்ட கொண்டுபோகல. பயந்தா முட்டைய துப்பிடும், இல்ல முழுங்கிடும். ஒடம்பு இளைச்சு தலை மட்டும் பெருசா தெரியுது, இன்னும் ஒரு வாய் தீனி எடுக்கல. அம்மா காலைல எந்திரிச்சதும் வாசத் தெளிக்குறதுக்கு முந்தி ரேழில நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க.

ஜூலை 6

23 நாள். நேத்து ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்சுல செவப்பு கண்ணாடிக்காயிதம் கட்டி அடிச்சுப் பாத்தேன். இடிகல்லு வாய்க்கு முன்னாடி மணல்ல அரிசி நீளத்துக்கு ஏதோ நகந்துச்சு. ஏழு எண்ணினேன், அப்பறம் கல்லு இடுக்குல இன்னும் நாலு. ரெண்டு பெரிய மீனு கிட்ட வந்ததும் எல்லாம் ஒடைஞ்ச ஓரத்து வழியா உள்ள போயிடுச்சு, பெரிசுங்களுக்கு அந்த இடுக்கு பத்தல.

கீரனூர் கல்லுல எலுமிச்சங்கா அளவு இன்னும் அரைமூட்டை கெடக்கு. நாளைக்கு கழுவி இடிகல்ல சுத்தி நெருக்கமா போடணும். குருணைய அம்மில பொடியாக்கித் தரேன்னு அம்மா சொல்லிருக்காங்க.