சுவருக்குக் காது முளைத்த கதை

ஐயாவுக்குச் சதாபிஷேகம். "எங்க கல்யாணப் படத்தைப் பெருசாப் போட்டு வீட்டுப் பட்டாசாலையில மாட்டணும்" என்றார் அப்பத்தா. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஸ்டுடியோவுக்கு எதுக்குக் காசு? நானே சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

1968இல் கோட்டையூரில் அப்பத்தா பிறந்த வீட்டு முகப்பில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாதிக்குப் பூஞ்சை. யாரோ மடித்து வைத்ததில் குறுக்கே ஒரு கோடு, ஐயாவின் மூக்கை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. படம் 4க்கு 6 அங்குலம். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல். 12க்கு 18ஆகப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 200 பிக்சல் தேறும், சுவரில் மாட்டப் போதும். இந்தக் கதையில் முதல் தடவையே நான் சரியாகச் செய்தது இந்தக் கணக்கு ஒன்றுதான்.

காசில்லாமல் கிடைக்கிற கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை லேப்டாப்பில் இறக்கினேன். அதில் குளோன் என்று ஒரு கருவி. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு நல்ல இடத்தில் ஒரு கிளிக், அப்புறம் கெட்ட இடத்தில் தேய்த்தால் நல்லது அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி இழைத்த வழுவழுச் சுவர், எடுத்து ஒட்ட இதைவிட வசதி உண்டா? தேய்த்தேன், தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே போனேன். நாம் பிரஷ்ஷை நகர்த்த நகர்த்த, எடுக்கிற இடமும் கூடவே நகரும் என்பது அப்போது தெரியாது. முடித்துவிட்டுப் பார்த்தால் சுவரில் ஐயாவின் இடது காது!

ஐயா எட்டிப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. அந்த வீட்டுச் சுவருக்கு அப்பவே காது உண்டு" என்றார். அப்பத்தா அன்று அவருக்குக் காப்பி தரவில்லை.

காதை அழித்து முடித்த மறுநாள் பிரஷ் வேலைநிறுத்தம் செய்தது. தேய்க்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. நிறத்தை மாற்றினேன், பிரஷ்ஷைப் பெரிதாக்கினேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டால் சரியாகுமோ என்றுகூட யோசித்தேன். இரண்டு மணி நேரம் போச்சு. சீயம் கொண்டுவந்து வைத்த அப்பத்தா, "எங்க, முழுசாக் காட்டு பார்ப்போம்" என்றார். 400 சதவீதத்தில் ஐயாவின் மூக்கிலேயே குடியிருந்தவன், படத்தைச் சுருக்கிக் காட்டினேன்.

"ஏப்பா, அந்த மூலையில எறும்பு ஊருது பாரு. தட்டி விடு."

எறும்பா? உற்றுப் பார்த்தேன். கடுகளவு கட்டம், அதன் ஓரத்தில் கோடுகோடாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போதோ கைதவறி அந்தத் துளி இடத்தை மட்டும் செலக்ட் செய்திருக்கிறேன். ஒரு இடம் செலக்ட் ஆகியிருந்தால் அதற்கு வெளியே எந்தப் பிரஷ்ஷும் எடுபடாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எறும்பு போனது, பிரஷ் வந்தது. இத்தனைக்கும் அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான்.

அடுத்து காரைக்குடி. வெயிலில் பஸ் பிடித்துப் போய்ப் பென்டிரைவை நீட்டினால், "அண்ணே, என்ன ஃபைலு இது? திறக்கவே மாட்டேங்குது" என்கிறான் பிரிண்ட் கடைப் பையன். கிம்ப்பில் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற அதன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும். எல்லா இடத்திலும் திறக்கிற ஜேபெக் படமாக வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்தே இப்படித்தானாம். எனக்கு யார் சொன்னார்கள்? எக்ஸ்சிஎஃபைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

அப்படித் திரும்பியதும் நல்லதாகப் போயிற்று. ராத்திரி எக்ஸ்போர்ட் செய்ததை அப்பத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தத் தூணுக்குப் பின்னாடி நின்னவ எங்க?"

அசல் படத்தை எடுத்துப் பார்த்தேன். பர்மாத் தேக்குத் தூணுக்குப் பின்னால், பெரிய பூஞ்சை என்று நினைத்து நான் தேய்த்தது, ஆறு வயதுப் பெண்ணின் முகம். அப்பத்தாவின் தங்கை, தேவகோட்டை அப்பத்தா. ஏதோ ஒரு விசேஷப் பந்தியில் தன் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனதை நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். சதாபிஷேகத்துக்கு முதல் ஆளாக வரப்போகிறவரும் அவர்தான்.

நல்லவேளை, ஆரம்பத்திலேயே படத்தை அதன் மேலேயே இன்னொரு லேயராக, அதாவது அடுக்காக, நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேய்த்திருந்தேன். நான் திட்டிய எக்ஸ்சிஎஃபுக்குள் இரண்டு லேயரும் பத்திரமாக இருந்தன, ஜேபெக்கில் இருந்திருக்காது. மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, தூணுக்குப் பக்கத்தில் கறுப்பைத் தடவினால் போதும், அந்த இடத்தில் மட்டும் அடியில் இருக்கிற பழைய படம் தெரியும். தடவினேன். குட்டிப் பெண் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்போது மணி இரண்டு. அப்படியே எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

விசேஷத்தன்று பட்டாசாலையில் படத்துக்கு முன்னால் நல்ல கூட்டம். தேவகோட்டை அப்பத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனார். திரும்பி என்னைத் தேடினார்.

"ஏப்பா, அக்கா, அத்தான் எல்லாரையும் பளபளன்னு ஆக்கிட்டே. எனக்கு மட்டும் ஏன் அம்மை போட்டிருக்கு?"